நீதிபதி எழிலரசியின் ஏழாவது வருடம்

என் மனைவி எழிலரசி நியூஜெர்சி மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி என்று யாரிடமாவது சொன்னால், அடுத்து வரும் கேள்வி எனக்கு மனப்பாடம். "அப்ப வீட்ல தீர்ப்பு யாரு சொல்றது?" நாங்கள் இருக்கும் பிஸ்கட்டவேயில் இதை என்னிடம் கேட்காத தமிழன் இல்லை. கேட்டுவிட்டு, உலகத்திலேயே தான்தான் முதலில் கண்டுபிடித்த மாதிரி சிரிப்பான். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் தீர்ப்பெல்லாம் கிடையாது. சட்டம்தான் உண்டு. என் நண்பன் ஸ்கூல் போர்டு தேர்தலில் நின்றபோது, அவன் பெயர் எழுதிய பலகையை எங்கள் வீட்டு வாசல் புல்லில் நடக்கூடாது. எந்தக் கட்சிக்காரன் வீட்டு விருந்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. தமிழ்ச் சங்கம் கட்டட நிதிக்காக விழா நடத்தினால் இவள் பெயரைத் தலைமை விருந்தினர் என்று போடக்கூடாது. ஒருமுறை கேட்காமலே போட்டுவிட்டார்கள். ஐசலின் ஓக் ட்ரீ ரோடு முழுக்கப் புடவைக் கடை, நகைக் கடை, இட்லிக் கடை என்று ஒன்று விடாமல் இவள் சிரித்த முகத்தோடு நோட்டீஸ். இவள் ஒரே ஒரு போன் செய்தாள். சாயங்காலத்துக்குள் சங்கத்துச் செயலாளர் கடை கடையாக ஏறி இறங்கி எல்லாவற்றையும் கிழித்தார். எனக்கு மானமே போயிற்று. இவளோ மற்றவர்களைப் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், பின்வரிசையில் உட்கார்ந்து, எங்கள் மகள் யாமினி ஆடியதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்தாள்.

பெண் பார்த்தபோது என்னிடம் 'வக்கீல்' என்றுதான் சொன்னார்கள். வீடு வாங்கும்போது பத்திரம் பார்க்கிற வக்கீல் என்று நினைத்துக்கொண்டு கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கிளம்பி வந்தேன். வந்து பார்த்தால், காசில்லாத குற்றவாளிகளுக்கு அரசாங்கமே அமர்த்துகிற வக்கீல். கொள்ளை, கத்திக்குத்து, போதைமருந்து. நாங்கள் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெயிலிலிருந்து போன் வரும். எழில் எட்டு வயதில் இங்கே எடிசன் நகருக்கு வந்தவள். அவள் அப்பா பெயின்ட் கம்பெனியில் கெமிஸ்ட். கூடப் பழகிய பிள்ளைகள் அத்தனை பேரும் டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் படித்தபோது இவள் நியூவார்க்கில் சட்டம் படித்தாள். "திருடனுக்கு வக்காலத்து வாங்குற பொண்ணு" என்று, ஆளுக்கொன்று சமைத்துக்கொண்டு கூடுகிற பாட்லக் விருந்துகளில் பேசினார்கள். பிறகு நம் மாவட்டம் மாதிரியான கவுன்ட்டிக்கு நீதிபதி ஆனாள். அதே வாய்கள் "நம்ம எழில்" என்றன. அங்கிருந்து அப்பீல் கோர்ட். அப்புறம் ஒரு நாள் கவர்னர் கூப்பிட்டு, தலைநகர் டிரென்டனில் மாநிலத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஏழு பேரில் ஒருத்தியாக இவளை உட்காரவைத்தார்.

முதல் நாள் நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். கறுப்பு அங்கியில் ஏழு பேர் உள்ளே வர, எல்லோரும் எழுந்து நின்றோம். காலையில் "பால் தீர்ந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வந்துடுங்க" என்று சொன்னவள் அங்கே கடைசி நாற்காலியில் இருந்தாள். தலையெல்லாம் நரைத்த பெரிய வக்கீல் ஒருவர் கால் மணி நேரமாக வெளுத்துவாங்கிக்கொண்டிருந்தார். இவள் மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யுவர் ஆனர், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவளோடா இத்தனை வருடம் பாத்திரம் கழுவுவது யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த நாற்காலி முதலில் ஏழு வருடத்துக்குத்தான். ஏழாவது வருடம் கவர்னர் மறுபடியும் பெயரைச் சொல்லி, மாநில செனட் சரி என்றால், அப்புறம் எழுபது வயதுவரை யாரும் அசைக்க முடியாது. இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இதில் சட்டப் புத்தகத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. நம் கவுன்ட்டி செனட்டர் முதலில் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாமல் சும்மா இருந்தாலே போதும், பெயர் அப்படியே செத்துவிடும். ஏன் என்று அவர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எழிலின் ஏழாவது வருடத்தில் கவர்னர் பெயரைச் சொல்லிவிட்டார். செனட்டர்தான் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். காரணம் எல்லோருக்கும் தெரியும். ரேமண்ட் என்பவனின் வழக்கு.

எழில் வழக்குகளைப் பற்றி வீட்டில் மூச்சு விட மாட்டாள். ஊர் மாதிரி நானும் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இருபத்திமூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு பேர் ஒரு கடையில் கொள்ளையடிக்கப் போனார்கள். ஒருவன் கடைக்காரரைச் சுட்டுவிட்டான். இந்த ரேமண்ட் வாசலில் காவல் நின்றவன். அப்போது வயது இருபது. சுட்டவன் ஜெயிலிலேயே செத்துப்போனான். ரேமண்டுக்குச் சாகும்வரை வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை. ஆனால் தண்டனை சொல்வதற்கு முன்னால் நீதிபதி குற்றவாளியைப் பார்த்து, "நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்று கேட்டாக வேண்டும். அன்றைக்கு அந்த நீதிபதி கேட்கவில்லை. அவசரமோ மறதியோ. ரேமண்டின் வக்கீலும் ஞாபகப்படுத்தவில்லை. அதை வைத்துத்தான் வழக்கு மேலே வந்திருந்தது. "கேட்டிருந்தாலும் அதே தண்டனைதான் கிடைத்திருக்கும், இத்தனை வருடம் கழித்து அந்தக் குடும்பத்தை ஏன் மறுபடி கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும்?" என்றது அரசாங்கத் தரப்பு. இறந்த கடைக்காரர் செனட்டரின் ஊர்க்காரர். ரேமண்டுக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கக்கூடாது என்று செனட்டர் டிவியில் பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த மாதங்களில் தூக்கமே சரியில்லை. இவள் எடிசன் ஸ்கூலில் இங்கிலீஷ் வராமல் அழுததிலிருந்து தொடங்கி ஏறிவந்த தூரம் அது. இந்த மாநிலத்தில் எந்தத் தமிழ்ப் பெண்ணும் அங்கே உட்கார்ந்ததில்லை. அது ஒரு ஆளின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சுப்பையன் அங்கிள் கையில் மைசூர்பாக் டப்பாவோடு வந்தார். ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடையும் மேலே ஒரு பார்ட்டி ஹாலும் வைத்திருப்பவர். தமிழ்ச் சங்கத் தலைவர். எழிலின் அப்பாவுக்கு உயிர் சிநேகிதர் என்பதால் எனக்கு மாமனார் ஸ்தானம்.

"அம்மிணி, காரியம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்க!" என்று செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "செனட்டரு ஓகே சொல்லிப்போட்டாரு. திங்கக்கிழமை கையெழுத்துப் போடறாராமா. அவரு ஆபீஸ்லயிருந்து எனக்கே போன் பண்ணிட்டாங்க."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. டப்பாவை அங்கேயே பிரித்துவிட்டேன்.

எழில் சிரிக்கவில்லை. "உங்களுக்கு எதுக்கு அங்கிள் போன் பண்ணாங்க?"

"பின்ன? நான்தான பேசுனேன். பொங்கல் விழாவுக்கு வந்தாரில்ல, நீதான் அரசியல்வாதி மேடைன்னு வரலே. பொன்னாடை போத்தி, அப்படியே ஓரமாக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

"என்ன சொன்னீங்க? நீங்க சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

"என்னத்தச் சொன்னேன்... அந்த ஜெயில்காரன் கேஸை நெனச்சு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தாரு. நான் சொன்னேன், டோன்ட் வொரி செனட்டர், ஷீ இஸ் அவர் டாட்டர், வி ஆல்ரெடி டாக்ட் டு ஹர், எவ்ரிதிங் வில் பி ஃபைன்னு."

"என்கிட்ட நீங்க பேசினீங்களா அங்கிள்?"

"இல்ல கண்ணு." அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "சும்மா சொல்றதுதானுங் மாப்ள? மண்டபம் கேட்டு வர்றவங்ககிட்டக்கூட 'பேசியாச்சு, கவலப்படாதீங்க'ன்னுதான சொல்றோம்?"

அவர் சொன்னது நிஜம். நம் ஆட்கள் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிற பேச்சு அது. யாரிடம் பேசினாய், என்ன பேசினாய் என்று நம்மில் எவனும் கேட்க மாட்டான். நான் உன் பக்கம் இருக்கிறேன் என்பதற்கு மேல் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஆனால் செனட்டர் நம் ஊர்க்காரர் இல்லையே. நீதிபதியிடம் பேசிவிட்டார்கள் என்று அவர் முழுசாக நம்பிவிட்டார்.

"அவர் என்ன சொன்னார்?"

"கையப் புடிச்சுக் குலுக்கினாரு. தட்ஸ் குட் டு ஹியர்னாரு."

எழில் எழுந்து போய் அவருக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று தோசையும் வார்த்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் என் காதருகே வந்தார். "மாப்ள, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனா?" "அதெல்லாம் இல்லீங்க அங்கிள்" என்று சொல்லி அனுப்பினேன். மனசார நான் அப்படித்தான் நினைத்தேன்.

கதவைச் சாத்தியதும் எழில் சொன்னாள். "திங்கக்கிழமை சீஃப் ஜஸ்டிஸ்கிட்ட இதைச் சொல்லணும். அந்த கேஸ்ல ரெண்டு சைடு லாயருக்கும் சொல்லணும். அவங்க யாராவது நான் வேண்டாம்னா நான் விலகணும். கவர்னர் ஆபீஸ் மூலமா செனட்டருக்கும் சொல்லணும், யாரும் என்கிட்ட பேசலைன்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "யாரு உன்னைக் கேட்டா? நீ தப்புப் பண்ணலை. அந்த செனட்டர் உன்கிட்ட வந்து பேசலை. ஒரு வயசானவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அதுக்கு ஏன் உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறே?"

"அவர் அந்த கேஸ்ல என் ஓட்டை வாங்கிட்டதா நினைச்சு சைன் பண்றார். அது தெரிஞ்சும் நான் அந்தச் சேர்ல உட்கார்ந்தா, வித்தது உண்மையாயிடும்."

"தீர்ப்பு எப்படியும் அவருக்குப் பிடிச்ச மாதிரியே இருந்துட்டா?"

"அப்ப இன்னும் மோசம்" என்றாள்.

அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மைசூர்பாக் முழுவதையும் நானே தின்றேன்.

திங்கட்கிழமை எல்லோரிடமும் சொன்னாள். இரண்டு தரப்பு வக்கீல்களும் அவள் விலக வேண்டாம் என்றார்கள். அரசாங்கத் தரப்பு வக்கீலம்மா, நீதிபதி எழிலரசியிடம் யாரும் போய்ப் பேசியிருக்க முடியாது என்று எங்களுக்குத் தெரியும் என்று கோர்ட்டிலேயே எழுந்து சொன்னாராம். ரேமண்டை எதிர்த்து வாதாடுகிறவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை. அதைக் கேட்டபோது என் கோபத்தில் பாதி போய்விட்டது. செனட்டர் மட்டும் கையெழுத்தைத் தள்ளிவைத்தார். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தார்.

தீர்ப்பு எந்தப் பக்கம் என்று அவள் சொல்ல மாட்டாள். ஆனால் எழுதி முடிக்கிற சமயத்தில் குழம்பில் உப்பு இருக்காது. மார்ச் மாதம் ஒரு வாரம் முழுக்க உப்பில்லை. நியமனங்களை விசாரிக்கும் செனட் கமிட்டி கூடுவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் கெஞ்சவே செய்தேன். "எழில், அது எதுவா வேணா இருக்கட்டும். கமிட்டி முடிஞ்சதும் வெளியிடலாமில்ல? ரெண்டு மாசத்துல யாரு குடி முழுகிடும்?"

"ரெடியா இருக்கிற தீர்ப்பை எனக்காக ஒரு நாள்கூட வெச்சிருக்க முடியாதுங்க. ஜெயில்ல ஒருத்தர் வெயிட் பண்றார். வெளிய ஒரு ஃபேமிலி வெயிட் பண்றாங்க." அவள் குரல் லேசாக உடைந்தது. "எனக்கும் அந்த வேலை வேணும். எவ்வளவு வேணும்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் வெச்சிருக்க முடியாது."

அந்த வாரமே தீர்ப்பு வந்தது. ஆபீஸில் மீட்டிங்குக்கு நடுவே போனில் திறந்தேன். நாலு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். நாலு பேருக்காக எழுதியவள் எழிலரசி. ரேமண்டை மறுபடி கோர்ட்டுக்குக் கொண்டுவந்து, பேசவிட்டு, அதன் பிறகு புதிதாகத் தண்டனை சொல்ல வேண்டும். மருந்துக் கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன் நான், சட்டம் எனக்குப் பாதி புரியாது. ஆனால் ஒரு இடம் புரிந்தது. 'ஒருவனுடைய மீதி வாழ்க்கையை எடுத்துக்கொள்வதற்கு முன்னால், அவன் பேசுவதை நாம் கேட்கிறோம். கேட்டால் மனம் மாறிவிடும் என்பதற்காக அல்ல. அவனும் மனிதன் என்பதற்காக.' அதைப் படித்துவிட்டு ரெஸ்ட்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெருமையும் பயமும் சேர்ந்து வந்த அழுகை.

செனட்டர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. கமிட்டி கூடியது, அவள் பெயர் வரவில்லை. கோடையில் ஏழு வருடம் முடிந்தது. அங்கியை டிரை கிளீனிங் கவரில் போட்டு, காரின் பின்சீட்டில் தொங்கவிட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

சுப்பையன் அங்கிள் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னாலதான கண்ணு?"

"இல்லவே இல்ல அங்கிள். நீங்க ஒண்ணுமே சொல்லாம இருந்தாலும் இந்தத் தீர்ப்புக்கு அவர் சைன் பண்ணியிருக்க மாட்டார். எப்படிப் பார்த்தாலும் இதேதான்." அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

இலையுதிர் காலத்தில் அவள் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். அவளுக்கு மனசு ஆறிவிட்டது போல. எனக்குத்தான் ஆறவில்லை. அந்த ரேமண்டின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. யார் அந்தப் பெரிய ஆள், இவனுக்காகவா என் பெண்டாட்டி அந்த நாற்காலியை விட்டாள்? அவன் வழக்கு எங்கள் கவுன்ட்டிக் கோர்ட்டில், நியூ பிரன்ஸ்விக்கில், வருகிறது என்று பேப்பரில் பார்த்துவிட்டு, எழிலிடம் சொல்லாமல் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன்.

நரைத்த தலையோடு ஒல்லியாக ஒரு மனிதன் வந்தான். ஒரு பக்கம் அவனுடைய அம்மா. மறுபக்கம் கடைக்காரரின் மகள். நாற்பது வயது இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு இருந்தாள். வக்கீல்கள் பேசி முடித்தார்கள். நீதிபதி அவனைப் பார்த்து, "நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனையும்.

அவன் எழுந்து நின்றான். "அன்றைக்கே கேட்டிருந்தால், நான் சுடவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அது பெரிய விஷயம் என்று அப்போது நினைத்தேன். நான் வாசலில் நின்றேன். நான் நின்றதால்தான் யாரும் உள்ளே வரவில்லை. அந்தக் கடைக்காரர் உடனே இறக்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கேத்தி, கேத்தி என்று கூப்பிட்டார். அது யார் என்று எனக்குத் தெரியாது. விசாரணையில் நான் வாயே திறக்கவில்லை. என் வக்கீல் வேண்டாம் என்றார். அதன் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை. அந்தக் கேத்தி யாரோ, அவருக்கு இது தெரிய வேண்டும்."

கடைக்காரரின் மகள் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. அவள் இரண்டு கையாலும் முன்னாலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவள்தான் கேத்தி. அப்பா தன் பெயரைக் கூப்பிட்டார் என்பது இத்தனை வருடம் அவளுக்குத் தெரியாது. எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது.

நீதிபதி வெகுநேரம் யோசித்தார். பிறகு, எல்லாவற்றையும் கேட்டேன், தண்டனையில் மாற்றம் இல்லை என்றார். ரேமண்ட் தலையாட்டினான். "கேட்டதற்கு நன்றி" என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கேத்தி வெளியே போகும்போது ரேமண்டின் அம்மாவிடம் ஒரு கணம் நின்று அவர் தோளைத் தொட்டாள். பிறகு போய்விட்டாள்.

வீட்டுக்கு எப்படி டிரைவ் பண்ணி வந்தேன் என்றே தெரியவில்லை. எழில் சாப்பாட்டு மேஜையில் மாணவர்களின் பேப்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். நியூ பிரன்ஸ்விக் போனேன் என்று சொன்னதும் பேனாவை வைத்துவிட்டாள்.

"என்ன முடிவுன்னு சொல்லாதீங்க."

"ஏன்? நீதான் இப்ப ஜட்ஜ் இல்லையே."

"வெளிய விட்டிருந்தா, நான் எழுதினது சரின்னு தோணும். விடலைன்னா, தப்போன்னு தோணும். ரெண்டும் தப்பு. அது அந்த ஜட்ஜோட வேலை." கொஞ்சம் தயங்கினாள். "பேசவிட்டாங்களா?"

"விட்டாங்க."

"நடுவுல யாரும் கட் பண்ணலையே?"

"இல்ல. முழுசாப் பேசினார்." நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். "எழில், முடிவைச் சொல்லலை. அவர் பேசினதை மட்டும் சொல்லலாமா?"

அவள் யோசித்தாள். டிரென்டனில் அந்த உயரமான நாற்காலியில் பார்த்த அதே முகம். அங்கி இல்லை, பழைய ஸ்வெட்டர்தான். கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல எனக்கு வந்தது.

"சொல்லுங்க" என்று பேப்பர்களை ஓரமாகத் தள்ளினாள்.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். குறுக்கே ஒன்றும் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேத்தி என்ற பெயரைச் சொன்னதும், வழக்குக் கட்டைப் படித்தவள், அவளுக்கு யார் என்று புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு வழக்குக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு கோர்ட்டில் என்ன நடந்தது என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.